ஒரு கைக்கு எத்தனை கணக்கு?

மார்ச் 8, 2025, சனி

டாலஸ் புறநகரில் எங்கள் லிட்டில் லீக், அதாவது சிறுவர் பேஸ்பால், சீசன் இன்று தொடங்கியது. 11, 12 வயதுப் பையன்களின் அணி. அணிக்கு ஒரு பெற்றோர் பிட்ச் எண்ண வேண்டும். இந்த வருடம் அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கையில் ஒரு கிளிக்கர். மட்டை பிடிப்பவருக்குப் பந்து எறிபவர் பிட்சர்; அவர் எறியும் ஒவ்வொரு பந்தும் ஒரு பிட்ச், அதற்கு ஒரு அழுத்து. இன்னிங்ஸ் முடிந்ததும் எதிரணியில் எண்ணுபவரோடு சரிபார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் இன்னிங்ஸைத்தான் எண்ணினார்கள். 2007இல் லிட்டில் லீக் பந்துக் கணக்குக்கு மாறியது. ஒரு இன்னிங்ஸ் பத்துப் பந்தில் முடியலாம், நாற்பது வரை இழுக்கவும் இழுக்கலாம். கைக்குத் தெரிவது பந்துதான். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து உச்சம். 66ஐத் தொட்டால் நான்கு நாள் பிட்ச் செய்யக் கூடாது. அதற்குக் கீழே 51க்கு மூன்று நாள், 36க்கு இரண்டு, 21க்கு ஒன்று. 41 பந்து எறிந்தவன் அன்று மீதி நேரம், பிட்சரின் பந்தைப் பிடிக்கும் கேட்சராகவும் உட்கார முடியாது, ஏனென்றால் கேட்சரும் ஆட்டம் முழுக்கப் பந்தைத் திருப்பி எறிந்துகொண்டே இருக்கிறான். என் மகன் கேட்சர் என்பதால் இந்த விதி எனக்கு முதலிலேயே மனப்பாடம்.

மார்ச் 23, ஞாயிறு

"நாங்கெல்லாம் நாள் பூரா பௌலிங் போடலையா? இதுல எதுக்கு இவ்வளவு கணக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். விருதுநகர் பொட்டலில் டென்னிஸ் பந்தில் ஓடி வந்து போட்டு வளர்ந்தவர். நியாயமான கேள்விதான்.

கிரிக்கெட்டில் வேகமாகப் போடுகிறவருக்கு முழங்கை கிட்டத்தட்ட நீட்டியபடியே சுற்றுகிறது. அடி விழுவது பெரும்பாலும் கீழ் முதுகில். பும்ராவுக்கு 2019இல் முதுகெலும்பில் விரிசல் வந்தது அப்படித்தான். பேஸ்பாலில் முழங்கை மடங்கியிருக்க, முன்கை பின்னால் சாய்ந்து, அங்கிருந்து சுழன்று முன்னால் வருகிறது. அந்த நொடியில் முழங்கையின் உள்பக்கம் பிளக்கப் பார்க்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது உள்பக்கத்து தசைநார். பெரியவர்களுக்கு அறுவது அதுதான். பிள்ளைகளுக்கு அதற்கும் முந்திய ஆபத்து ஒன்று உண்டு. எலும்பு வளரும் இடத்தில் குருத்தெலும்புத் தட்டு இன்னும் மூடாமல் இருக்கிறது. அது தசைநாரை விடப் பலவீனமானது. தசைநார் இழுக்க இழுக்க, அந்தத் தட்டு வீங்கும், விலகும், சில நேரம் துண்டாகவே பெயரும். 'லிட்டில் லீகர்ஸ் எல்போ' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. தோளிலும் இதேபோல் வரும்.

அவர் தன் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

எங்கள் அணியில் ஒரு இடக்கைப் பையன் இருக்கிறான். 12 வயது. கையைத் தூக்கும் விதமே அழகு. இன்று 58 பந்து. மூன்று நாள் ஓய்வு என்று சீட்டில் எழுதி, கோச்சிடம் கையெழுத்து வாங்கினேன்.

ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அவன் அப்பா சொன்னார்: "நாளைக்கு இவனுக்கு டோர்னமென்ட்." ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் பால் அணி. சனி ஞாயிறில் நாலைந்து ஆட்டம் ஆடுவார்கள். நாளை பிட்ச் செய்வானா என்று கேட்டேன். "தேவைப்பட்டா ஒரு இன்னிங்ஸ்" என்றார். மோசமான மனிதர் இல்லை. வாரத்தில் ஆறு நாள் பிள்ளையைக் காரில் வைத்துச் சுற்றுகிறவர். அவர் மீறியதாகச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் என் சீட்டு லிட்டில் லீக் ஆட்டத்துக்கு மட்டும்தான் செல்லும். நாளை அங்கே இன்னொருவர் கிளிக்கரைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவார். செவ்வாய்க்கிழமை தனிப் பயிற்சியாளர் எதையும் எண்ணவே மாட்டார். ஒரே கிணற்றில் மூன்று வீட்டார் தண்ணீர் இறைக்கிறார்கள். அடுத்த வீட்டார் எத்தனை வாளி எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஒரே அணிக்குள்ளேகூட எல்லாம் எண்ணப்படுவதில்லை. புளோரிடாவில் உயர்நிலைப் பள்ளி பிட்சர்களைப் பின்தொடர்ந்து 2018இல் வந்த ஓர் ஆய்வில், ஆட்ட நாளன்று எறிந்த பந்துகளில் 42 சதவீதம் கணக்கிலேயே வரவில்லை. மைதான ஓரத்துப் பயிற்சி இடமான புல்பென்னில் தயாராவது, இன்னிங்ஸ்களுக்கு நடுவே எறிவது எல்லாம் சேர்த்து. என் கிளிக்கர் 58 காட்டினால் அந்தக் கை 58 மட்டுமா எறிந்திருக்கும்?

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றைய ஆட்டத்தை எழுதியே ஆக வேண்டும்.

மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்து என் மகன் தண்ணீர் குடிக்க வந்தான். முகமூடியைத் தூக்கிவிட்டு, எங்கள் பிட்சரைக் காட்டி, "அம்மா, அவன் பந்து இன்னைக்கு வேற மாதிரி வருது" என்றான். எப்படி என்றேன். "எல்லாம் மேலயே வருது. குத்து இல்ல. அப்பப்ப தோளைச் சுத்திக்கிறான்." கிளிக்கரில் 44தான் இருந்தது. விதிப்படி இன்னும் 41 பாக்கி.

அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் இருக்கும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம், டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் தொடங்கியது, 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கை அறுவை சிகிச்சைக்கு வந்த இளம் பிட்சர்களையும் காயமே இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் பிட்ச் செய்தவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு. ஆட்டத்துக்குச் சராசரி 80 பந்துக்கு மேல் என்றால் நான்கு மடங்கு. கை களைத்த பிறகும் அடிக்கடி எறிந்தவர்களுக்கு 36 மடங்கு. இந்த மூன்றாவது எண்ணை முதன்முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

களைப்பை எந்தக் கிளிக்கரும் காட்டாது. முதலில் அறிகிறவன் கேட்சர். ஒவ்வொரு பந்தும் அவன் கையுறையில்தான் விழுகிறது. பிட்சரிடம் கேட்டால் "ஐ'ம் குட்" என்றுதான் வரும்; 12 வயதில், பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டிலிருந்து தானாக இறங்கும் பிள்ளை உண்டா?

கோச்சிடம் போய் மகன் சொன்னதை அப்படியே சொன்னேன். அடுத்த இன்னிங்ஸில் நாலு பந்து பார்த்துவிட்டு அவனை மாற்றினார். ஆட்டத்தில் தோற்றோம். பெஞ்சில் சிலருக்கு முகம் சரியில்லை. "எண்ணிக்கை இன்னும் இருக்கே?" என்று ஒருவர் கேட்டார். கோச் "இருக்கு" என்றார், அவ்வளவுதான். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

மே 6, செவ்வாய்

மழை. பயிற்சி ரத்து. கைகளுக்கெல்லாம் ஒரு நாள் லாபம்.

மே 18, ஞாயிறு

இடக்கைப் பையனுக்கு முழங்கையின் உள்பக்கம் அழுத்தினால் வலி. எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டு லேசாக அகன்றிருக்கிறது. அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆனால் சில வாரங்களுக்குப் பந்தையே எறியக் கூடாது, பிறகு படிப்படியாக என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சரியான நேரத்தில் பிடித்தார்கள்.

பெஞ்சில் ஒருவர் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து, "அப்புறம் டாமி ஜான் பண்ணிக்கிட்டா கை முன்னைவிட வேகமாயிடும்" என்றார். இந்த நம்பிக்கை மைதானத்துக்கு மைதானம் உலவுகிறது. நடந்தது என்ன? 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானின் வலது கையிலிருந்து தசைநாண் எடுத்து, அறுந்துபோன இடது முழங்கைத் தசைநாருக்குப் பதிலாகக் கட்டினார். 1975 முழுக்க ஜான் ஆடவில்லை. 1976இல் திரும்பி வந்து இன்னும் 164 ஆட்டம் வென்றார். அது முப்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதருக்கு நடந்த மீட்பு. கையை வேகமாக்கும் சிகிச்சை இல்லை. திரும்பாமலே போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2007 முதல் 2011 வரையிலான காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேல், 56.7 சதவீதம், 15 முதல் 19 வயதுக்காரர்கள். இவர்களில் பெரும்பாலோர் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காத பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்.

ஜூன் 7, சனி

இடக்கைப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். இரண்டு பேரும் தோசை சாப்பிட்டுவிட்டு வீடியோ கேம். போன பிறகு மகன் சொன்னான்: "அம்மா, கை வலி வந்தது அவனுக்கு நிம்மதியா இருந்துச்சாம். இப்பதான் சனிக்கிழமை தூங்குறானாம்."

வளர்ச்சித் தட்டு அகன்றதை விட இது என்னை அதிகம் கலக்குகிறது. ஓய்வு கேட்க ஒரு பிள்ளைக்குக் காயம் தேவைப்பட்டிருக்கிறது. எரிச்சல், தூக்கமின்மை, பிடித்த விளையாட்டுக்கே கிளம்ப மனமில்லாமை ஆகியவை அளவுக்கு மீறிய பயிற்சியின் அறிகுறிகள் என்று குழந்தை மருத்துவர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு விடுப்பு, வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டே வேண்டாம் என்கிறார்கள். தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் 2014இல் கொண்டுவந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி, இந்த வயதுக்கு வருடத்தில் நான்கு மாதம் எறிதலே கூடாது என்கிறது. டெக்ஸஸில் டிசம்பரிலும் மைதானம் காய்ந்துதான் கிடக்கிறது. பனி விழுந்து மைதானம் மூடும் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைக்கும் விடுமுறையை இங்கே நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஜான் ஸ்மோல்ட்ஸ், டாமி ஜான் சிகிச்சை செய்துகொண்டு பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த முதல் பிட்சர். 2015இல் அந்த மண்டபம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் ஏற்புரை நடுவே பெற்றோர்களைப் பார்த்துப் பேசினார்: 14, 15 வயதில் இந்த அறுவை சிகிச்சை இயல்பானது இல்லை, பேஸ்பால் வருடம் முழுக்க ஆடும் விளையாட்டும் இல்லை என்று. அந்தக் காணொளியைப் பையனின் அப்பாவுக்கு அனுப்பினேன். "பார்த்தேன், நன்றி" என்று பதில் வந்தது.

ஜூலை 25, வெள்ளி

ஆறு வருடம் முன்பு இதே நாளில், ஜப்பானில் இவாத்தே மாவட்ட இறுதி ஆட்டம். வென்றால் கோஷியென், நாடு தழுவிய பள்ளி பேஸ்பால் போட்டி. ஓஃபுனாதோ பள்ளி 1984க்குப் பிறகு அங்கே போனதில்லை. அவர்களிடம் ரோகி சசாகி இருந்தார், மணிக்கு 163 கிலோமீட்டர் எறிந்த 17 வயதுப் பையன். அந்த வாரத்தில் ஒரே ஆட்டத்தில் 194 பந்து, இறுதிக்கு முந்தின நாள் அரையிறுதியில் 129. பயிற்சியாளர் அவரை இறுதியில் இறக்கவில்லை. 12-2 என்று தோற்றார்கள். பள்ளித் தொலைபேசியில் திட்டு மழை. அடுத்த வருடம் ஜப்பான் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் சம்மேளனம் வாரத்துக்கு 500 பந்து என வரம்பு வைத்தது. அதுவே மிக அதிகம் என்பது என் கருத்து.

சசாகி 2022இல், எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்துக்கு விடாத பெர்ஃபெக்ட் கேம் எறிந்தார். 2025 மே மாதம் டாட்ஜர்ஸ் அணியில் இருந்தபோது தோள் வலியால் ஓய்வுக்குப் போனார். ஒரு நாள் காப்பாற்றினால் கை ஆயுளுக்கும் பத்திரம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் அந்தப் பயிற்சியாளர் செய்தது சரி.

செப்டம்பர் 14, ஞாயிறு

இடக்கைப் பையனின் அப்பா போன் செய்தார். இலையுதிர்கால ஆட்டங்களுக்கு அவனைச் சேர்க்கவில்லையாம். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை எறிதல் இல்லை, நீச்சலும் கூடைப்பந்தும். தனிப் பயிற்சியாளர் கனமான பந்துகளை வைத்து வேகம் கூட்டும் ஆறு வாரத் திட்டம் ஒன்றைச் சொன்னாராம். அதே மாதிரி ஆறு வாரத் திட்டத்தை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டதைச் சொன்னேன்: வேகம் மூன்று சதவீதம் கூடியது, எறிந்தவர்களில் கால்வாசிப் பேருக்குக் காயம். வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

ஒரு பொதுத் தாள் தொடங்கியிருக்கிறோம். எங்கள் கோச், டிராவல் அணி கோச், தனிப் பயிற்சியாளர் மூவரும் அவன் எறியும் பந்துகளை ஒரே இடத்தில் எழுத வேண்டும், புல்பென் உட்பட. கடைசிக் கட்டத்தில் கேட்சரின் குறிப்பு. அது என் மகன் யோசனை. டிராவல் கோச் இரண்டு நாள் பதில் போடாமல் இருந்து, பிறகு ஒத்துக்கொண்டார். இன்னும் நான்கு பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கும் அதே தாளைக் கேட்டிருக்கிறார்கள். தமிழ்க் குடும்பம் ஒன்றும் அதில் உண்டு. அந்தப் பையன் பிட்ச்சும் செய்கிறான், கேட்ச்சும் பிடிக்கிறான். அவன் தாளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு இன்று இரவு அனுப்ப வேண்டும்.