எம்ஜிஏ காருக்கு அதன் பழைய விளக்கு நிறங்களை மீட்ட அனுபவம்

1957இல் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவாகி, கலிபோர்னியாவில் நெடுங்காலம் ஓடி, மீண்டும் இங்கிலாந்துக்கே வந்து சேர்ந்த எம்ஜிஏ 1500 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். அதன் முன்பக்கச் சிறு விளக்குகளில் செம்மஞ்சள் லென்ஸ்கள் இருந்தன. பின்பக்க மட்கார்டுகளிலோ யாரோ துளையிட்டு, இண்டிகேட்டர்களாக இரண்டு செம்மஞ்சள் விளக்குகளைத் திருகியிருந்தார்கள். அழகான அந்த வளைவில் துளையைப் பார்த்தபோது மனம் வலித்தது.

கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்திலிருந்து பெற்ற, காரின் தயாரிப்பு விவரச் சான்றிதழில் சேசிஸ் எண்ணும் வண்ணமும் ஏற்றுமதியான நாடும் இருந்தனவே தவிர, லென்ஸ் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விடையை வயர்களே தந்தன. துணியுறை போட்ட பழைய வயர்க்கட்டிலிருந்து ஒவ்வொரு பின்விளக்குக்கும் இரண்டே வயர்கள் சென்றன: ஒன்று இரவு விளக்குக்கு, மற்றொன்று பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பொதுவானது. செம்மஞ்சள் விளக்குகளின் பிளாஸ்டிக் வயர்கள் அந்தக் கட்டுக்கு வெளியே தனியாக ஓடின. ஆகவே, முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்பதே இந்தக் காரின் இண்டிகேட்டர்களுக்கு இயல்பான நிறம் என்பது உறுதியாயிற்று. 1965 செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் பயன்பாட்டுக்கு வந்த வண்டிகளுக்குப் பிரிட்டிஷ் சட்டம் இந்நிறங்களை இன்றும் அனுமதிக்கிறது.

லென்ஸை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் பின்விளக்கில் ஒரே இழை பிரேக், இண்டிகேட்டர் என இரண்டு வேலை செய்வதற்கு, மின் இணைப்பை மாற்றிவிடும் லூகாஸ் டிபி10 என்ற ரிலேப் பெட்டி தேவை. பிரேக்கை மிதித்தபடி இடப்பக்கம் திரும்பினால், இது இடப்பக்க விளக்கை மட்டும் பிரேக் சுவிட்சிலிருந்து பிரித்து, விளக்கைத் துடிக்க வைக்கும் ஃபிளாஷருடன் இணைக்கிறது. வலப்பக்க விளக்கு நிலையாக எரிகிறது. என் காரில் அந்தப் பெட்டி இருந்தது, ஆனால் அதன் வயர்களைப் பிடுங்கி நேரடியாக முறுக்கியிருந்தார்கள். மூடியைத் திறந்து, கறுத்துப்போன தொடுமுனைகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, எட்டு முனைகளையும் வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு இணைக்க மூன்று மாலைப்பொழுதுகள் பிடித்தன. முதலில் பிரேக்கை மிதித்ததுமே இரு விளக்குகளும் துடித்தன. இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்ததே காரணம்.

உதிரிபாகக் கடை ஒன்று வெள்ளையும் செம்மஞ்சளும் கலந்த லென்ஸை அனுப்பியது. அது 1959இல் வந்த எம்ஜிஏ 1600 மாடலுக்கு உரியது. திருப்பி அனுப்பி, முழு வெள்ளையைப் பெற்றேன். மட்கார்டுத் துளைகளை வெல்டிங் செய்து அடைத்தாயிற்று.

இரவில் சோதித்தபோது முன்பக்கத் துடிப்பு மங்கலாக இருந்தது. சிறு விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பில் எரிவதால், ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்தில் துடிப்பு கரைந்துவிடுகிறது. விளக்குக் கிண்ணத்தின் உட்புறத்துக்கு வெள்ளிப் பூச்சு அடித்து, எர்த் இணைப்பின் துருவைச் சுரண்டியபின் 21 வாட் இழை பளிச்சென்று துடித்தது. பின்னால் பிரேக்கும் சிவப்பு, திருப்பமும் சிவப்பு என்பதால், பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே இண்டிகேட்டரைப் போட்டுவிடுகிறேன். பின்னால் வருபவர் முதலில் துடிப்பைத்தான் காண வேண்டும்.