அம்மாவுக்கு இல்லம் தேடிய மூன்று மாதங்கள்

சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த என் தாயாரை, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் தனியே விட முடியாது என்றானபோதுதான், கோயம்புத்தூரில் முதியோர் தங்குமிடங்களுக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று அறிந்தேன். ‘சீனியர் லிவிங்’, ‘அசிஸ்டட் லிவிங்’, ‘ஓய்வுக்கால இல்லம்’ என்று பலகைக்குப் பலகை வேறுபட்டன. “முதியோர் இல்லம்னா ஊர்ல என்ன பேசுவாங்க கண்ணு?” என்று கலங்கிய அம்மா, புதிய பெயர்களைக் கேட்ட பிறகே வந்து பார்க்கச் சம்மதித்தார். ஆகவே பெயர் மாற்றத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

முதலில் பார்த்த இடத்தில் வீட்டை விலைக்கு வாங்க வேண்டும். தாமாக நடமாடுகிறவர்களுக்கே அது பொருந்தும். இரண்டாவது இடத்தில் பளபளப்புக்குக் குறைவில்லை. அம்மா கட்டிலில் படுத்து, சுவரிலிருந்த அழைப்பு மணிக்குக் கையை நீட்டினார், எட்டவில்லை. இரவில் இருபத்திரண்டு பேருக்கு ஒரே பணிப்பெண் என்றார்கள். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில், தங்கியிருப்பவர் படுத்த படுக்கையானால் பதினைந்து நாள்களுக்குள் குடும்பத்தினர் அழைத்துச் செல்ல வேண்டும் என்று சிறிய எழுத்தில் இருந்தது. எந்த நாளுக்காக இல்லம் தேடுகிறோமோ, அந்த நாளில் வெளியேறச் சொல்லும் விதி அது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கும் இல்லத்தை மாவட்டந்தோறும் அரசு அமைக்கலாம் என்கிறது. எல்லா இல்லங்களுக்கும் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்க 2019இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை. அதே ஆண்டு மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிகளில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை போன்றவை உள்ளன. அவற்றைக் குறித்துக்கொண்டுதான் மூன்றாவது இடத்துக்குச் சென்றேன்.

அங்கே பழைய ‘முதியோர் இல்லம்’ பலகைதான். அறை சிறியது, பேருந்துச் சத்தமும் உண்டு. ஆனால் சொல்லாமல் இரவு ஒன்பது மணிக்குப் போனபோது இரண்டு பணிப்பெண்கள் விழித்திருந்தனர். மணியின் கயிறு கட்டில் கம்பியிலேயே கட்டப்பட்டிருந்தது. படுக்கையில் விழுந்தாலும் கூடுதல் கட்டணத்துக்கு அங்கேயே பார்த்துக்கொள்வோம் என்று வாய்மொழியாகச் சொன்னதை, ஒப்பந்தத்தில் கையால் எழுதிச் சேர்த்த பிறகே அம்மா கையெழுத்திட்டார்.