“இன்னும் கொஞ்சம் சத்தமா வேணும்”

மாஸ்டரிங்கில், அதாவது முடிந்த மிக்ஸை வெளியீட்டுக்குத் தயார்செய்யும் கடைசிக் கட்டத்தில், கிளையன்ட் இப்படிச் சொன்னதும் லிமிட்டரை, அதாவது ஒலியின் உச்சங்கள் ஓர் எல்லையைத் தாண்டாமல் அமுக்கும் கருவியைத் தொடாதீர்கள். எந்தப் பாட்டோடு ஒப்பிட்டுக் கேட்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். அந்த ரெஃபரன்ஸ் பாட்டு மைனஸ் 8 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்), உங்கள் மாஸ்டர் மைனஸ் 12 என்றால், அந்த 4 டிபி (டெசிபல்) வித்தியாசத்தைக் காது தரம் என்றே எடுத்துக்கொள்ளும். ரெஃபரன்ஸை 4 டிபி இறக்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பாட்டுகளை ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவரும் ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அமைப்பு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ். மைனஸ் 8-இல் கொடுத்தால் 6 டிபி இறக்கித்தான் ஒலிக்கும். லிமிட்டரில் நசுங்கிப்போன டிரம் அடி மட்டும் திரும்பி வராது. அதற்காக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14-இல் நிறுத்துவதும் சரியல்ல. பாட்டு எங்கே நன்றாக நிற்கிறதோ அதுதான் அளவு.

சத்தம் ஏற மறுத்தால் பெரும்பாலும் குற்றவாளி தாழ்ந்த ஒலிகள் இருக்கும் அடிப்பகுதிதான். கிக் டிரம்மும் பேஸும் 60 ஹெர்ட்ஸ் பக்கம் மோதினால் லிமிட்டர் ஒவ்வொரு அடிக்கும் மொத்தப் பாட்டையும் அமுக்கும், கூடவே குரலும் உள்ளே போய்வரும். அதை மிக்ஸிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். ஸ்னேர் டிரம்மின் கூர்முனையை லிமிட்டருக்கு முன்னால் கிளிப்பரில் (உச்சத்தை அப்படியே வெட்டும் கருவி) 1, 2 டிபி சீவலாம். லிமிட்டர் 5 டிபிக்கு மேல் இறக்கினால் ஸ்னேரின் முன்னடி மழுங்கி, பின்னால் வரும் இரைச்சல்தான் கேட்கும். லிமிட்டரின் மேல் எல்லையான சீலிங் மைனஸ் 1 டிபி ட்ரூ பீக் (ஒலி உண்மையில் தொடும் உச்சம்); எம்பி3-ஆக மாறும்போது பீக் ஏறும்.

மிக்ஸ் வாங்கும்போதே லிமிட்டர் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என இரண்டு 24 பிட் வேவ் கோப்புகள் கேளுங்கள். வாரக்கணக்கில் கிளையன்ட் காதில் பழகியது முதலாவதுதான்.