மொத்தம் 46, வருகை 46

2 டிசம்பர் 2023, சனி

காசிமேட்டுலருந்து தம்பி போன் பண்ணான். ஹார்பர்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியாச்சாம், போட்டெல்லாம் கரையிலதான் கட்டிக் கெடக்காம். வரப்போற புயலுக்கு மிக்ஜாம்னு பேரு, மியான்மர் குடுத்தது. இங்கிலீஷ்ல எழுதறதுக்கும் வாயில சொல்றதுக்கும் சம்பந்தமே இல்ல.

அத்தை வானத்தைப் பாத்துட்டு, "வர்தா காத்துப் புயல், வந்துச்சு, கூரையத் தூக்கினு போய்ச்சு. இது தண்ணிப் புயல்டி"ன்னாங்க. 2016-ல வர்தா அடிச்சப்போ எங்க சிமெண்ட் ஷீட்டு நாலாவது வூட்டு மாடியில கெடச்சுது. அதனால அத்தை சொன்னா நான் கேட்டுக்குவேன். டிவி அப்புறம்தான்.

இவரு கண்டெய்னர் எடுத்துனு ஸ்ரீபெரும்புதூர் போயிருக்காரு. திங்கக்கெழமைதான் வருவாராம்.

3 டிசம்பர், ஞாயிறு

சாயங்காலம் ஆட்டோவுல மைக் கட்டி வந்தாங்க. கால்வாய் ஓரம் இருக்கறவங்க மாநகராட்சி ஸ்கூலுக்குப் போயிடுங்கன்னு. எங்க தெருவுல ஒருத்தரும் நகரல. சோம்பேறித்தனம்னு வெளிய இருக்கறவங்க நெனைப்பாங்க. அது இல்ல. வூட்டைப் பூட்டிட்டுப் போனா பீரோவுக்கு யாரு காவல்? அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, பொம்பளைங்க நாங்க எங்களுக்குள்ள மட்டும் பேசிக்கறது: அங்க கக்கூஸ் எப்படி இருக்கும்? அத்தைக்கு ரெண்டு முட்டியும் போச்சு, குந்த முடியாது. "அங்க போய் மானம் போறதுக்கு இங்கயே தண்ணில கெடந்துடறேன்"னுட்டாங்க.

நானும் ரொம்ப வற்புறுத்தல. அது என் தப்புதான். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புக்கு, அத்தையோட இன்சுலின் எல்லாத்தையும் ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு முடிஞ்சு வெச்சேன். அரிசியைப் பரண்ல ஏத்தினேன். நாளைக்கு லீவு வுட்டாச்சு. பாப்பாவுக்கு ஒரே குஷி.

4 டிசம்பர், திங்கள் (பேப்பர்ல எழுதினது)

தண்ணி வாசல் வழியா வரும்னு படியில மண் மூட்டை வெச்சிருந்தோம். அது பாத்ரூம் ஓட்டை வழியா வந்துச்சு. ராத்திரி மூணு மணி இருக்கும், குபுகுபுன்னு சத்தம். அஞ்சு மணிக்குக் கட்டில் கால் முழுகிடுச்சு. கரண்ட் அதுக்கு முன்னாடியே போச்சு.

பக்கத்து வூட்டு ஆட்டோ அண்ணன் அத்தையை முதுகுல தூக்கிக்கிட்டாரு. இடுப்பளவு தண்ணி, கால்ல என்ன படுதுன்னே தெரியாது. தண்டியார்பேட்டைப் பக்கம் மேடான ரோட்டுக்கு வந்ததும்தான் மூச்சே வந்துச்சு. 2015 வெள்ளத்துல இதே அத்தையைக் கல்யாண மண்டபத்துல வெச்சிருந்தாங்க. அங்க ஃபேனாவது ஓடுச்சுன்னு வழி நெடுக அதே பேச்சு.

ஸ்கூல் கேட்டுல ஒரு அம்மா நோட்டுல பேரு, எத்தன பேரு, போன் நம்பர் எழுதினாங்க. ஆதார் இல்லன்னு யாரையும் திருப்பி அனுப்பல. இதை எழுதி வெக்கணும், ஏன்னா அந்த பயத்துலயே ரெண்டு குடும்பம் வராம நின்னுடுச்சு.

அஞ்சாங்கிளாஸ் ரூம்ல பெஞ்சையெல்லாம் ஓரமா அடுக்கிட்டுப் பாய் போட்டோம். போர்டுல "மொத்தம் 38, வருகை 31"னு சாக்பீஸ்ல இருந்துச்சு. பாப்பா ரூம் முழுக்க எண்ணிட்டு, அழிச்சு, "மொத்தம் 46, வருகை 46"னு எழுதினா.

சோறு மூணு மணிக்குத்தான் வந்துச்சு. சாம்பார் சாதம், ஆறிப்போனது. அத்தைக்கு சர்க்கரை கீழ எறங்கி கை நடுங்க ஆரம்பிச்சுது, பாப்பா பையில இருந்த மிட்டாய்தான் காப்பாத்துச்சு. முகாமுக்குக் கிளம்பறவங்க பாய் தலகாணிய வுடுங்க, ஒரு பாக்கெட் பிஸ்கட்டு எடுத்துக்குங்க.

5 டிசம்பர், செவ்வாய்

மழை நின்னு வெயிலே அடிக்குது. தண்ணி மட்டும் எறங்கல. எங்க பக்கத்து கேப்டன் காட்டன் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில விழணும், அது எண்ணூர் முகத்துவாரத்துல கடல்ல விழணும். கடல் மேல ஏறி நின்னா உள்ள வாங்காது, தண்ணி வந்த வழியே நம்ம தெருவுக்குத் திரும்பிடும். புயல் மத்தியானம் ஆந்திராவுல பாபட்லா கிட்ட கரையேறிடுச்சாம். அது அங்க போயும் எங்க பாத்திரம் இன்னும் மெதக்குது.

கக்கூஸ் கதை: நேத்து முழுக்க அத்தை தண்ணியே குடிக்கல, போகவேண்டி வருமேன்னு. ஸ்கூல் கக்கூஸு பசங்க சைஸ், கொழாயில தண்ணி வேற இல்ல. ஆட்டோ அண்ணன் எங்கயோ போய் உடைஞ்ச பிளாஸ்டிக் சேர் ஒண்ணைக் கொண்டாந்தாரு. ஆக்ஸா பிளேடால உக்கார்ற எடத்துல வட்டமா அறுத்து, ஓரம் குத்தாம இருக்க சைக்கிள் டியூபைச் சுத்தினாரு. அத்தை உள்ள போய்ட்டு வந்தாங்க. ஒண்ணும் சொல்லல, ஒரு சொம்பு தண்ணிய மடமடன்னு குடிச்சாங்க. மத்தியானத்துக்குள்ள அந்த சேருக்கு ஏழு பாட்டிங்க வரிசை.

6 டிசம்பர், புதன்

பால் கெடைக்கல. கடையில இருந்த ரெண்டு மூணு பாக்கெட்டையும் டபுள் வெலை சொல்றாங்க. பள்ளிவாசல் பசங்க தக்காளி சாதம் கொண்டாந்தாங்க, நல்லா சுடச்சுட.

மெடிக்கல் கேம்ப் நர்ஸுகிட்ட இன்சுலின் பத்திக் கேட்டேன். ரெண்டு நாளா ஃப்ரிட்ஜ் இல்லியே, கெட்டிருக்குமோன்னு பயம். தொறந்து போட்டுக்கினு இருக்கற மருந்து ஒரு மாசம் வரைக்கும் வெளிய தாங்கும், வெயில் சூடு மட்டும் படக்கூடாதுன்னாங்க. மண்பானைத் தண்ணிக்குள்ள டிபன் பாக்ஸ்ல வெச்சிருக்கேன்னேன். "கரெக்டும்மா"ன்னாங்க. பத்தாங்கிளாஸ் பாஸானப்போ கூட நான் இவ்ளோ சந்தோசப்படல.

எர்ணாவூர்ல இருக்கற நாத்தனார் போன் பண்ணா. அங்க தண்ணியோட எண்ணெயும் வந்து, செவுத்துல கறுப்பா கோடு போட்டிருக்காம். எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகலயாம். எங்களுக்கு வெறும் சாக்கடைதான். இதுலயும் ஒரு கொடுப்பினை.

7 டிசம்பர், வியாழன்

ரூம்ல வருகை 22. இவரு வந்துட்டாரு. வூட்டைப் போய்ப் பாத்துட்டு வந்து, "ஃப்ரிட்ஜ் படுத்துனுகீது"ன்னு மட்டும் சொன்னாரு. பீரோ பூட்டு அப்படியே இருக்காம்.

8 டிசம்பர், வெள்ளி

காலையில ப்ளீச்சிங் பவுடர் ஒரு பொட்டலம் குடுத்தாங்க. கெளம்பினோம். பாப்பா கடைசியா போர்டுகிட்ட போய் நின்னா. கால்வாய்க் கரையில செவுரே சாஞ்சுபோன தாத்தாவும் ஆயாவும் மட்டும் அந்த ரூம்ல. திங்கக்கெழமை ஸ்கூல் தொறந்துடுவாங்க, அதுக்கப்புறம் எங்கன்னு அவங்களுக்கும் தெரியல. "வருகை 2"ன்னு எழுதினா.

அந்த சேரை எடுத்துக்கலாமான்னு இவரு கேட்டாரு. அத்தை, "ஆயாவுக்கு வேணும், வுடுடா"ன்னாங்க.