ஆறடித் தொட்டியும் ஒற்றை இறாலும்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் மீன்தொட்டி வைக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, என்ன மீன் என்று யாரும் கேட்கவில்லை. "தண்ணி எத்தனை குடம்ல?" என்றாள் அம்மா. விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர். வாரா வாரம் கால்வாசியை மாற்ற வேண்டும், அது 170 லிட்டர், எங்கள் வீட்டுக் குடத்துக்குப் பதினொன்று சொச்சம். "மாத்துற தண்ணி வாழைக்குப் போவுமா?" போகும், அதிலிருக்கும் நைட்ரேட் வாழைக்கு உரம் என்றேன். அனுமதி கிடைத்துவிட்டது. அப்பா மட்டும் எழுந்து போய் குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

ஊர் புளியரை. செங்கோட்டை தாண்டினால் நாங்கள், எங்களைத் தாண்டினால் கேரளா. ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் பிடித்துக்கொண்டால் எங்காவது ஒரு கிளை கம்பியில் விழும், கரண்ட் போகும். அதனால் ஃபில்டர் எப்படி ஓடும் என்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதே எனக்குப் பெரிய கவலை.

தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி இருக்கும். அதுதான் சம்ப். மேலே வழியும் தண்ணீர் குழாயில் இறங்கி, ஒரு துணிப்பையில் குப்பையை விட்டுவிட்டு, ஸ்பாஞ்சைத் தாண்டி, செராமிக் வளையங்கள் கிடக்கும் அறைக்குள் புகும். நிஜமான ஃபில்டர் அந்த வளையங்களில் குடியேறும் பாக்டீரியாதான். மீன் கழிவின் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். கடைசி அறையில் மோட்டார். தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு ஐந்து சுற்று வர வேண்டும் என்றால் 3400 லிட்டர் ஏற வேண்டும். ஐந்தடி உயரம் ஏறுவதற்குள் வேகம் குறையும், ஆகவே 5000 என்று போட்ட மோட்டார் வாங்கினேன்.

பைப் வேலைக்கு ஆரியங்காவிலிருந்து ஒரு சேட்டன் வந்தார். சிக்கல் இதுதான்: தண்ணீரை மேலே ஏற்றும் குழாயின் வாய் தொட்டித் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். மோட்டார் நின்றதும் அதே குழாய் மேலிருந்து கீழே உறிஞ்ச ஆரம்பிக்கும், வாய்க்குள் காற்றுப் புகும்வரை விடாது.

"ஒரு என்.ஆர்.வி. வச்சா மதி சாரே. ஒரு குழப்பவும் இல்லா."

என்.ஆர்.வி. என்பது தண்ணீரைத் திரும்பி வர விடாத ஒருவழி வால்வு. கிணற்று மோட்டாருக்கு அது சரி. இங்கே பாசியோ குட்டி நத்தையோ சிக்கினால் வால்வு மூடாது. மூடவில்லை என்பதும் கரண்ட் போன பிறகுதான் தெரியும். எனக்கு வேண்டியது ஒரு ஓட்டை. நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே குழாயில் ஒன்று போட்டுவிட்டால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று உள்ளே போய் உறிஞ்சல் அறுந்துவிடும்.

"புதிய பைப்பில ஞான் ஓட்ட இடணோ?" என்று டிரில்லைக் கீழே வைத்துவிட்டார். ஆயுசு முழுக்க ஓட்டையை அடைத்துச் சம்பாதித்த மனிதர். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு.

சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே வரைந்து காட்டினேன். மேலே 2 அங்குலம் இறங்கினால் 57 லிட்டர். சம்ப் நான்கடிக்கு ஒன்றரை அடி, பரப்பில் மேல் தொட்டிக்குச் சரிபாதி. அங்கே 2 இறங்கினால் இங்கே 4 ஏறும். ஒன்றரை அடி உயரத்தில் ஓரடிக்கு மட்டும் தண்ணீர் விட்டால் 6 அங்குலம் காலியாக இருக்கும், ஒரு சொட்டும் வெளியே வராது. சேட்டன் கோட்டைச் சாணால் அளந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார், ஓட்டையைப் போட்டார்.

தண்ணீர் விட்டு ஓட்டிய அன்று தெருவே முன்னறையில். அப்பா கோணிச்சாக்கோடு தயார். சோதிக்கலாம் என்று நான் சுவிட்சில் கை வைப்பதற்குள் கரண்டே போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் எல்லோரும் சம்பைச் சுற்றிக் குந்தினோம். மட்டம் ஏறியது, ஏறியது, விளிம்பை நோக்கி நிதானமாக ஏறியது. அப்பா சாக்கை விரித்தார். அப்போது மேலே குழாய் 'கொர்ர்' என்று காற்றை இழுத்தது. அப்படியே நின்றது. இன்னும் இரண்டு விரல் இடம் இருந்தது.

"அவ்ளோதானா?" என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மா. வெள்ளம் பார்க்க வந்தவளுக்கு ஏமாற்றம்.

அடுத்த கேள்வி, மீன் எங்கே. மிஸ் கேரளா விடுவதாகத் திட்டம். மூக்கிலிருந்து பாதி உடம்பு வரை சிவப்புக் கோடு ஓடும் மீன், மலைக்கு அந்தப் பக்கத்து ஆறுகளில் பிறந்தது. ஆற்றில் அருகிவிட்டது, அதனால் பண்ணையில் வளர்த்ததாகத்தான் வாங்குவேன். ஓடும் தண்ணீரில் வாழ்ந்த இனத்துக்கு அழுக்குத் தண்ணீர் ஆகாது. பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும். அப்புறம், பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டுமே? மார்க்கெட்டில் ஒரே ஒரு இறால் வாங்கிப் போட்டேன். அழுகினால் அம்மோனியா வரும்.

"திங்கிற சாமானைப் போயி அழுக வைக்கியேல!" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

எதிர்வீட்டுப் பேரன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். "பாட்டி, மாமா வீட்டு மீனு செத்துக் கெடக்கு!" சத்தம் முக்கு வரை போயிருக்கும். சாயங்காலம் பெரியம்மா துஷ்டி கேட்கும் முகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "மொத மீனே இப்படி ஆயிட்டே. சுத்திப் போட்டியா?"

"பெரியம்மா, அது இறாலு. கடையிலயே செத்ததுதான்."

"செத்ததையா காசு குடுத்து வாங்கி நீந்த விட்டே?"

நான் அம்மோனியாவிலிருந்து தொடங்கினேன். நைட்ரைட்டைத் தொடுவதற்குள் போன் அடித்தது. ஆரியங்காவு சேட்டன்.

"சாரே, மீன் சத்துபோயி எந்நு கேட்டல்லோ. ஞான் அந்நே பறஞ்ஞதல்லே, ஓட்ட வேண்டா எந்நு?"