பொதுச் சுவர்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்முவோம். பத்திரத்தில் ‘பொதுச் சுவர்’ என்று இருந்தது. அதில் ஆணி அடிக்கலாமா என்பதை மட்டும் எழுதியிருக்கவில்லை. அதற்காகவே வருஷக்கணக்கில் சண்டை.

டல்லாஸ் அபார்ட்மென்டிலும் பொதுச் சுவர்தான். ஆறு மாசம் ஆகியும் அந்தப் பக்கம் யார் என்று தெரியாது. மிளகாய் வறுத்தால் ஸ்மோக் அலாரம்தான் அலறும்.

மெக்கானிக்கல் முடித்து, எம்.எஸ். படிக்க வந்து, பம்பு வடிவமைக்கும் வேலையில் நாலு வருஷம் இருந்தேன். கம்பெனி மேல் காப்புரிமை (பேடன்ட்) வழக்கு ஒன்று வந்தது. வால்வு எப்படித் திறந்து மூடுகிறது என்று வக்கீலுக்கு உட்கார்ந்து விளக்கினேன். அவர் எழுதிக்கொள்வதைப் பார்த்ததும், இதை நானே செய்யலாமே என்று தோன்றியது. அப்புறம் மூன்று வருஷ சட்டப் படிப்பு, பார் தேர்வு, கடன். விசா பாடு தனிக் கதை.

பலர் நினைப்பது போல, கோர்ட்டில் இந்த வழக்கை நடத்த பொறியியல் பட்டம் கட்டாயமில்லை. காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைக் கையாளத்தான் அறிவியல் பின்னணி கேட்பார்கள். ஆனால் டிராயிங் படிக்கத் தெரிந்தால், எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்வதில் தனி ருசி.

காப்புரிமையின் எல்லையைச் சொல்லும் வாசகம்தான் கிளெய்ம். அதில் உள்ள வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தீர்மானிப்பது ஜூரி அல்ல, நீதிபதி. 1996-ல் மார்க்மன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கென்றே தனி விசாரணை நடக்கும். என் முதல் விசாரணை மார்ஷலில். டல்லாஸிலிருந்து கிழக்கே இரண்டரை மணி நேரம். சின்ன ஊர், காப்புரிமை வழக்குக்குப் பேர்போன கோர்ட். காலை முழுக்க ‘அட்ஜசென்ட்’, அதாவது ‘அடுத்துள்ள’, என்ற ஒரே வார்த்தை. இரண்டு பாகமும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமா, நடுவில் வாஷர் இருக்கலாமா? பெரிய பெரிய வக்கீல்கள் அகராதியைப் புரட்டினார்கள். எனக்கு எங்கள் வீட்டு ஆணிதான் ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலை ஏழரை.

“இன்னா கேஸு இன்னிக்கு?”

சொன்னேன்.

“இதுக்கா அமெரிக்கா போன? நம்ம சுவத்துக்கே வாதாடியிருக்கலாம்ல?”

அதற்குள் வாசலில் காசிமேட்டு மீன்காரம்மாவின் குரல். அம்மா போனை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். சங்கரா முந்நூறில் ஆரம்பித்து இருநூற்றைம்பதில் வந்து நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.