600 நானோமீட்டரோடு நின்ற கோடு

"இதுக்கு அப்புறம் இருக்கறதக் காட்ட வேண்டாமாக்கா?" என்று ஆய்வகத்தில் எனக்கு இளையவள் கேட்டாள். "அது ஏதோ மாசு, விடு" என்றேன். 2000ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்த சில நாட்களில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அந்நாளில் எங்களுக்குத் தங்க நானோதுகள் என்றால் சிவப்பு. 1857இல் ஃபாரடே தயாரித்த செந்நிறக் கரைசல் தொடங்கி எங்கள் காலம் வரை, 520 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே எழும் உட்கவர் முகடுதான் (ஒளி மிகுதியாக விழுங்கப்படும் இடம்) துகள் உருவாகிவிட்டது என்பதற்குச் சான்று. துகளின் அளவு இரண்டு நானோமீட்டருக்கும் கீழே இறங்கினால் அந்த முகடு மறைந்துவிடும் என்பது தெரிந்திருந்தும், முகடு இல்லாத பழுப்புக் கரைசலைப் பார்த்தால் வினை சரியாக வரவில்லை என்றே என் மனம் முதலில் சொல்லும். அவள் தேவைக்கு மிகுதியான குளுட்டாதையோனோடு (தங்கத்தின் மேல் பூச்சாக ஒட்டும் கந்தகச் சேர்மம்) ஒரு குடுவையை அப்படியே வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து 300 முதல் 800 நானோமீட்டர் வரை நிறமாலை, அதாவது எந்த அலைநீள ஒளி எவ்வளவு உட்கவரப்படுகிறது என்ற வரைபடம், எடுத்தபோது, 520இல் ஒன்றுமில்லை. 670 அருகே தாழ்வான ஒரு மேடு இருந்தது. மூன்று முறை எடுத்தாள். மூன்றிலும் மேடு அதே இடத்தில்தான் இருந்தது.

எங்கள் கட்டுரை சிவப்புத் துகள்களைப் பற்றியது. மிகச் சிறிய துகள்களுக்கு அந்த முகடு இராது என்று ஒப்பிட்டுக் காட்ட மட்டுமே பழுப்புக் கரைசல் தேவைப்பட்டது. அதற்கு 600 வரை போதும். பத்து நாட்களில் திருத்திய படியை அனுப்ப வேண்டியிருந்தது. அவளுடைய குறிப்பேட்டில் 600இல் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அதுவரை வரைந்தால் போதும் என்றேன். அச்சான படத்தில் பொய் எதுவும் இல்லை. இதை இன்றும் சொல்வேன்.

2005இல் ஜப்பானில் நெகிஷியும் சுகுடாவும் இருபத்தைந்து தங்க அணுக்களும் பதினெட்டு குளுட்டாதையோன்களும் கொண்ட கொத்தை, நிறையை அளக்கும் நிறை நிறமாலையால் உறுதி செய்தார்கள். அதன் உட்கவர் மேடு 670 அருகே இருந்தது. 2008இல் அதே வகைக் கொத்தின் படிக அமைப்பும் வெளியானது: நடுவே பதின்மூன்று அணுக்கள், அவற்றைச் சுற்றிக் கந்தகத்தோடு பிணைந்த பன்னிரண்டு. அதைப் படித்த அன்று மாலை பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன்.

எங்களிடம் தகுந்த நிறை நிறமாலைமானி இல்லை. அமெரிக்காவில் ராய்ஸ் முர்ரே குழுவினரே முதலில் அந்தக் கொத்தில் முப்பத்தெட்டு அணுக்கள் என்று கணித்துப் பின்னர் இருபத்தைந்து என்று திருத்திக்கொண்டார்கள். வெட்டன் குழுவினர் 1998லேயே குளுட்டாதையோன் பூசிய தங்கக் கொத்துகளைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். ஆகவே முதற் கண்டுபிடிப்பு எப்படியும் எங்களுடையதாக இருந்திருக்காது. எங்கள் குடுவையில் இருந்தது இருபத்தைந்தணுக் கொத்துதான் என்று இப்போதும் என்னால் மெய்ப்பிக்க முடியாது. இவையெல்லாம் சரியான நியாயங்கள். ஆனால் பெயர் கிடைக்காமல் போனதல்ல என்னை உறுத்துவது. அந்த மேட்டை வேறோர் ஊரில் கண்டு குழம்பிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் படத்தைப் பார்த்திருந்தால், தனக்கும் துணை உண்டு என்று அறிந்திருப்பார். தெரியாத ஒன்றுக்கு "தெரியவில்லை" என்று சொல்லாமல், "மாசு" என்று பெயர் வைத்தேன். என்னை நம்பிய இளையவளிடம் அப்படிச் சொன்னேன்.

சிவப்புத் துகள்களைத் தேடியதில் எனக்கு வருத்தம் இல்லை. கருத்தரிப்புச் சோதனைப் பட்டையிலும் கோவிட் விரைவுச் சோதனைப் பட்டையிலும் தெரிகிற செந்நிறக் கோடு பெரும்பாலும் தங்கத் துகள்களின் நிறம்தான். ஆனால் அந்தப் பயன்களை நினைத்து நான் 600இல் கோடு இழுக்கவில்லை; நாள் நெருங்கிவிட்டது என்பதால் இழுத்தேன்.

அவள் வேறு தலைப்பில் முனைவர் பட்டம் முடித்து, இன்று ஒரு மருந்து நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறாள். பேசும்போதெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறோம். இதை எடுத்துப் பேசினால் அவள் மனம் ஆறுமா, என் மனம் மட்டும் ஆறுமா என்று தெரியாததால் எடுக்கவில்லை. அளவைப் பொறுத்து நிறம் மாறும் நானோதுகள்களான குவாண்டம் புள்ளிகளுக்கு 2023இல் நோபல் பரிசு கிடைத்தபோது, தொடக்க கால ஆய்வுகளைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். இரண்டு படங்களையும் கொண்டுபோனேன். அச்சானதை மட்டும் காட்டினேன்.

சென்ற மாதம் என் மாணவர் ஒருவர், நிறமாலையில் 850க்கு மேல் தெரிந்த ஏற்றத்தை நீக்கிய வரைபடத்தோடு வந்தார். கருவி ஓர் உணரியிலிருந்து மற்றோர் உணரிக்கு மாறும் இடம் அது; அவர் செய்தது சரியென்றே நினைக்கிறேன். ஆயினும் முழு வரைபடத்தையும் இணைக்கச் சொன்னேன். "இதுல ஒண்ணும் இல்லையே மேடம், ரெவியூவர் வீணா கேள்வி கேப்பாங்க" என்றார். மறுநாள் இரண்டு படிகளையும் அச்செடுத்து என் மேசையில் வைத்துப் போனார். முழு வரைபடத்தைத்தான் மேலே வைத்திருந்தார். 850இல் பென்சிலால் ஒரு சிறு கோடு இருந்தது.